பலெர்மோ: துணி மூடிய ஒரு கூடை

சந்தை மூலையில் ஒருவர் பிரம்புக் கூடை ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு நின்றார். கூடையைத் துணி போட்டு மூடியிருந்தார். யாராவது வந்து காசு கொடுத்தால், துணிக்கு அடியில் கையை விட்டு, எதையோ ஒரு பிடி அள்ளி, தாளிலோ ரொட்டியிலோ வைத்துக் கொடுப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றுவிட்டோம்.

இது பலெர்மோ நகரத்தில் நடந்தது. இத்தாலியில் ஒரு கருத்தரங்குக்காகப் போயிருந்தோம். அது முடிந்து ஊர் திரும்ப நான்கு நாட்கள் மீதியிருந்தன. ரோமைப் பாருங்கள், வெனிஸைப் பாருங்கள் என்று பலரும் சொன்னார்கள். அங்கெல்லாம் அறை வாடகை எங்கள் கைக்கு எட்டவில்லை. "சிசிலிக்குப் போங்கள், பலெர்மோவில் தெருவிலேயே வயிறார சாப்பிடலாம்" என்றார் ஒரு தோழர். அப்படித்தான் அந்தத் தீவின் தலைநகரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

பழைய நகருக்குள் பல்லாரோ, காப்போ, வுச்சிரியா என்று மூன்று பெரிய சந்தைகள். பல்லாரோவுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது கூவல். காய்க்காரரும் மீன்காரரும் ராகம் போட்டு இழுத்துக் கூவுகிறார்கள். அந்தக் கூவலுக்கே சிசிலி மொழியில் தனிப் பெயர் இருக்கிறது. ஒரு பக்கம் வாள்மீனின் தலை மூக்கை மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னொரு பக்கம் கத்தரிக்காய், தக்காளி, எலுமிச்சை மலைமலையாகக் குவிந்திருக்கிறது. நம் ஊர் ஷேர் ஆட்டோவின் தம்பி போல ஒரு மூன்று சக்கர வண்டி, ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரலை ஓடவிட்டபடி, வெங்காயமும் தக்காளியும் போட்ட தடித்த ரொட்டி விற்றுப் போகிறது. கடலைமாவைக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, வில்லைகளாக வெட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். பனெல்லே என்று பெயர். முதல் கடியிலேயே எங்களுக்கு பஜ்ஜிக் கடை ஞாபகம் வந்துவிட்டது.

கூடைக்கு வருவோம். அதில் இருப்பது ஃப்ரித்தோலா. கன்றின் இறைச்சியை வெட்டி எடுத்த பிறகு எலும்பில் ஒட்டி நிற்கும் சவ்வு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவற்றை வேகவைத்துக் கொழுப்பிலேயே வறுத்து எடுப்பது. நல்ல துண்டங்கள் வேறு வீடுகளுக்குப் போன பிறகு மிஞ்சியது. சூடு ஆறாமல் இருக்கத்தான் துணி என்று பக்கத்தில் நின்றவர் விளக்கினார். எங்களுக்கு அது வேறு ஒன்றாகத் தெரிந்தது.

எங்கள் மூவருக்கும் பள்ளிக்கூட நாட்களில் டிபன் பாக்ஸ் மூடியை முழுசாகத் திறக்காமல் சாப்பிட்ட பழக்கம் உண்டு. மூடியைக் கால்வாசி தள்ளி, கையை உள்ளே விட்டு, எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம். அம்மா ஆசையாகச் செய்து வைத்த பெரிய கறியோ, குடலோ, ரத்தப் பொரியலோ உள்ளே இருக்கும். வாசம் வெளியே போனால் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடிக்கும், வகுப்பே திரும்பிப் பார்க்கும். வெவ்வேறு மாவட்டங்களில் வளர்ந்த மூன்று பேருக்கும் ஒரே பழக்கம் எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் பேசிக்கொண்டோம். அதுவும் ஐரோப்பாவில் ஒரு கூடைக்காரர் முன்னால் நின்றுகொண்டு.

பலெர்மோவில் இந்தச் சாப்பாட்டை யாரும் ஒளித்துச் சாப்பிடுவதில்லை. ஆட்டுக்குடலை வெங்காயத்தாளில் சுற்றிக் கரி அடுப்பில் சுடுகிறார்கள். புகை தெருவையே மறைக்கிறது. நகரத்தின் மிகப் பெயர் பெற்ற தின்பண்டமே மாட்டின் மண்ணீரலும் நுரையீரலும்தான். நம் கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குவோமே, அதே உறுப்பு. அதை வேகவைத்து, மெல்லியதாகச் சீவி, பன்றிக் கொழுப்பில் புரட்டி, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். பானி கா மேவுசா என்று பெயர். எலுமிச்சை மட்டும் பிழிந்தால் அது 'கல்யாணமாகாதது'. பாலாடைக்கட்டியும் சேர்த்தால் 'கல்யாணமானது'. வேலைக்குப் போகிறவரும் கோட்டு சூட்டு போட்டவரும் ஒரே வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

இந்த ரொட்டி எப்படி வந்தது என்று கேட்டால் பலெர்மோக்காரர்கள் ஒரு கதை சொல்கிறார்கள். முன்பு இங்கே மாடு அறுத்தவர்கள் யூதர்கள். அறுப்பதற்குக் காசு வாங்க அவர்களுடைய மதம் இடம் கொடுக்கவில்லை. அதனால் கூலியாகக் குடலும் நுரையீரலும் மண்ணீரலும் எடுத்துக்கொண்டார்கள். அதை வேகவைத்து ரொட்டியில் வைத்து விற்றார்கள்.

கூலியாகக் கழிவைப் பெற்றவர்கள் அதைச் சுவையான உணவாக மாற்றினார்கள் என்பதைக் கேட்டதும் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அப்போது சிசிலி ஸ்பெயின் அரசர்களின் ஆட்சியில் இருந்தது. 1492-இல் யூதர்களை வெளியேற்றும் ஆணை பிறந்தது. மதம் மாறு, இல்லாவிட்டால் போ என்றார்கள். 1493 ஜனவரிக்குள் சிசிலியின் யூதர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. பலெர்மோவின் பழைய யூதத் தெருக்களில் இன்று பெயர்ப்பலகைகள் இத்தாலியம், ஹீப்ரு, அரபு என்று மூன்று எழுத்துகளில் இருக்கின்றன. பலகையில் இருக்கும் அந்த எழுத்தைப் படிக்கக்கூடியவர்களைத்தான் விரட்டிவிட்டார்கள். மண்ணீரல் ரொட்டி மட்டும் இருக்கிறது.

அரபு எழுத்துக்கும் இதே கதைதான். 831-இல் பலெர்மோ அரபுப் படையின் கைக்கு வந்தது. 1072-இல் நார்மானியர்கள் பிடிக்கும்வரை அது இஸ்லாமிய நகரம். எலுமிச்சையும் கரும்பும் அந்தக் காலத்தில்தான் இந்த மண்ணில் வேரூன்றின. தண்ணீர்த் தொட்டிக்கும் ஏற்றத்துக்கும் சிசிலி உழவர்கள் இன்றும் சொல்லும் சொற்கள் அரபியிலிருந்து வந்தவை. அடுத்து வந்த அரசர்கள் என்ன செய்தார்கள்? 13-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடெரிக் தீவில் எஞ்சியிருந்த முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாக இத்தாலியப் பெருநிலத்தில் லுச்செரா என்ற ஊருக்கு நாடு கடத்தினார். எலுமிச்சை மரங்களை யாரும் நாடு கடத்தவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 973-இல் பாக்தாத் பக்கமிருந்து இப்னு ஹவ்கல் என்ற பயணி பலெர்மோவுக்கு வந்தார். இந்த ஊர்க்காரர்கள் பச்சை வெங்காயத்தை அளவில்லாமல் தின்கிறார்கள், அதனால்தான் இவர்களுக்குப் புத்தி மழுங்கிப்போய்விட்டது என்று எழுதி வைத்தார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் தின்பதைப் பார்த்து அவருடைய மூளையை அளந்திருக்கிறார்கள். நமக்கு இது புதிதா? என்ன தின்கிறாய் என்று கேட்டுவிட்டு நீ யார் என்று முடிவுகட்டுபவர்களை நாம் வாடகைக்கு வீடு கேட்டுப்போகும் ஒவ்வொரு வாசலிலும் பார்க்கிறோம்.

மேல்தட்டின் சாப்பாட்டையும் பலெர்மோ ஏழைகள் சும்மா விடவில்லை. பிரபுக்களின் வீடுகளில் அத்தி தின்று கொழுத்த சிறு குருவிகளை வறுத்துத் தின்பார்களாம். குருவிக்கு வழியில்லாதவர்கள் மத்தி மீனைப் பிளந்து, ரொட்டித் தூளும் உலர்திராட்சையும் அடைத்துச் சுருட்டி, வால் மேலே நிற்கும்படி அடுக்கி, அதற்குக் குருவியின் பெயரையே வைத்தார்கள். இன்று குருவியை யாரும் தேடுவதில்லை. மத்திக்குத்தான் மதிப்பு.

சமைத்தவருக்கு மதிப்பு கிடைத்ததா என்று தேடினோம். ஒருவர் அகப்பட்டார். பெனதெத்தோ என்ற துறவி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட பெற்றோருக்குச் சிசிலியில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பலெர்மோவுக்கு வெளியே ஒரு மடத்தில் சமையற்காரராக இருந்து, பிறகு அதே மடத்துக்குத் தலைவரானார். 1589-இல் இறந்தார். 1807-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. இந்த நகரத்தின் காவலர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் ஊரில் தேரும் திருவிழாவும் 1624-இன் கொள்ளைநோயிலிருந்து காத்ததாக நம்பப்படும் ரொசாலியாவுக்குத்தான். கறுப்புச் சமையற்காரரின் பெயரை நாங்கள் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இப்போது பல்லாரோவிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் ஆப்பிரிக்கர்களும் வங்கதேசத்தவரும் கடை வைத்திருக்கிறார்கள். மாஃபியா இந்த ஊரில் கடைக்குக் கடை மாமூல் வாங்கியது ஊரறிந்த விஷயம். கொடுக்க மாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்ன துணி ஆலை முதலாளி லிபரோ கிராசியை 1991-இல் சுட்டுக் கொன்றார்கள். 2004-இல் சில இளைஞர்கள் அடியோபிட்ஸோ என்று மாமூல் எதிர்ப்பு இயக்கம் தொடங்கினார்கள். அதன் பிறகும் பல கடைக்காரர்கள் வாய் திறக்கவில்லை. 2016-இல் காம்பியா நாட்டு இளைஞர் ஒருவர் இந்தப் பகுதியில் தலையில் சுடப்பட்டு உயிர் தப்பினார். அதையடுத்து, பெரும்பாலும் வங்கதேசத்தவரான கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, தங்களிடம் மாமூல் பறித்தவர்களுக்கு எதிராகப் போலீசில் வாக்குமூலம் கொடுத்தார்கள். பத்துப் பேர் கைதானார்கள். ஊருக்குப் புதியவர்கள், மொழி அரைகுறை, கையில் காகிதம் நிரந்தரமில்லை. ஊர்க்காரர்கள் தயங்கியதை அவர்கள் செய்தார்கள். அந்தத் தெருவில் வாங்கிக் குடித்த தேநீருக்கு நாங்கள் கூடுதல் மரியாதை கொடுத்தோம் என்றே சொல்ல வேண்டும்.

பலெர்மோவில் ஈழத்தமிழர்களும் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். பலருக்கு வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும்தான் தொழில். சந்தைப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் பார்த்ததும் உள்ளே போய்விட்டோம். கடைக்காரப் பெரியவர் யாழ்ப்பாணத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவர், வேதக்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் பெல்லெக்ரினோ மலையிலுள்ள ரொசாலியா கோயிலுக்கு ஏறுவார்கள் என்றார். "எங்களுக்கு இஞ்ச அவதான் அம்மன்" என்றார்.

பிறகு கேட்டார்: "பிள்ளையள், நீங்கள் எவடம்?"

"தமிழ்நாடு ஐயா."

"தமிழ்நாட்டில எவடம்?"

மாவட்டத்தைச் சொன்னோம். ஊரைச் சொன்னோம். அதற்கு அடுத்த கேள்வி எது என்று எங்களுக்குத் தெரியும். தெருவைக் கேட்பார்கள். எத்தனை கடல் தாண்டினாலும் நம் ஆட்கள் மூட்டையில் மறக்காமல் எடுத்துப்போகிற கேள்வி அது. அவர் கேட்பதற்கு முன்பே எங்களில் ஒருவர் சொல்லிவிட்டார்: "சேரி ஐயா."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கறிவேப்பிலைக் கட்டுடன் இன்னொரு கட்டைச் சேர்த்து வைத்தார். காசு கொடுத்தபோது ஒரு கட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் அந்தக் கேள்வியைத்தான் கேட்க இருந்தாரா, அல்லது எங்கள் பழைய காயம்தான் முந்திக்கொண்டு பேசியதா என்று வெளியே வந்த பிறகும் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. இன்னும் முடியவில்லை.

நம் ஊரிலும் இப்போது பெரிய உணவகங்களில் குடலும் ரத்தப் பொரியலும் 'கிராமத்துச் சுவை' என்ற பெயரில் வருகின்றன. வரட்டும். ஆனால் தட்டைப் பாராட்டுபவர்களிடம் பலெர்மோவைப் பார்த்துவிட்டு வந்த நாங்கள் ஒன்றைக் கேட்போம். இதைச் சமைக்கக் கற்றவர்கள் யார்? அவர்களுக்கு உங்கள் தெருவில் வீடு கிடைக்குமா? சாப்பாடு மட்டும் சாதி தாண்டி வந்து, சமைத்தவர் வாசலில் நிற்க வேண்டியிருந்தால், அது வரவேற்பு ஆகாது.

கடைசி நாள் மீண்டும் அந்தக் கூடைக்காரரிடம் போனோம். மூன்று பேருக்கு வாங்கினோம். எண்ணெய் ஊறிய தாளில் சூடாகக் கொடுத்தார். எலுமிச்சை பிழிந்து, தாளை முழுசாக விரித்து வைத்துக்கொண்டு, நடுச்சந்தையில் நின்று சாப்பிட்டோம். வாசம் நன்றாகவே வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.