முப்பது நாள் கொழுந்தும் ஒரு டிக்கட்டும்



"சேர், இந்தியா போக மலிவா டிக்கட் பாத்துத் தாங்க" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறீர்கள். பாத்துத் தருகிறேன். அதற்கு முன் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

2024 நவம்பர். என்னிடம் படித்த பிள்ளையொன்றின் பாட்டி பாடசாலைக்கே வந்தார். அவருடைய அக்கா கோத்தகிரியில் படுத்த படுக்கை. "உசுரோட இருக்கையில ஒரு தடவ மொகத்த பாத்துறணும் சேர்."

1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது நமக்குத் தெரியும். அதில் போன ஒரு குடும்பம்தான் அந்த அக்காவுடையது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர். தங்கச்சிக்கு அப்போது ஒன்பது வயது. போர் வந்து அந்தக் கப்பலும் நின்றுபோனது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது உண்மை. ஆனால் ஹட்டனிலிருந்து காங்கேசன்துறை எவ்வளவு தூரம்! மழைக்காலத்தில் அதை நிறுத்தியும் விடுகிறார்கள்.

ஆகவே பிளைட். இரண்டு இரவு போனைத் தடவினேன். திருச்சிக்குப் போய்வர 52,000. சென்னைக்கு 40,500. அப்போது தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350. 40,500 என்றால் சரியாக 30 நாள் கொழுந்து. 11,500 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோசம்.

பிளைட் விடியற்காலை. ஹட்டனிலிருந்து அந்த நேரத்துக்கு கட்டுநாயக்க போக பஸ் ஏது? வேன் ஹயர் 22,000. மிச்சம் அங்கேயே போய்விட்டது. பிழை என்னுடையது என்பதால் வேன் காசை நானே கொடுத்து, நானும் கூடவே போனேன்.

பெரிய பிழை கவுண்டரில்தான் தெரிந்தது. நான் எடுத்தது கையில் கொண்டுபோகும் 7 கிலோவுக்கு மட்டுமான டிக்கட். பையோ 13 கிலோ. மேலதிகத்துக்கு அவர்கள் சொன்ன தொகை, முன்கூட்டியே ஒன்லைனில் எடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட மிக அதிகம். காசைக் கொடுக்கப் போன என்னை அவர் விடவில்லை. "வேன் காசும் நீங்கதானே குடுத்தீங்க. போதும் சேர்."

ஒரு ஓரமாக உட்கார்ந்து பையைத் திறந்தார். ஐந்து கிலோ தேயிலை, கொஞ்சம் மாசி, மற்றதெல்லாம் சேலைகள். தேயிலையை எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். "பாட்டி, கோத்தகிரியிலயும் தேயிலதானே" என்றுகூடச் சொன்னேன்.

"அது அந்த ஊரு தேயில சேர். இது அவ கொழுந்தெடுத்த மலையோடது."

சேலைகளை எடுத்து என்னிடம் தந்துவிட்டு, கட்டியிருந்த ஒன்றோடும் மாற்று ஒன்றோடும் போனார். மற்றவை ஒரு மாதம் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தன. சென்னையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயில், பிறகு மலையேற பஸ். திருச்சியில் இறங்கியிருந்தால் பாதை பாதியாகக் குறைந்திருக்கும். அல்ஹம்துலில்லாஹ், அக்காவைப் பார்த்துவிட்டார். அந்தத் தேயிலையில் அவரே ஊற்றிக் கொடுத்தாராம்.

அன்றிலிருந்து நான் டிக்கட் விலையை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டுக் கதவிலிருந்து போய்ச் சேரும் கதவு வரைக்கும் கூட்டிப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்:

விசா கிடைத்த பிறகே டிக்கட் எடுங்கள். மலிவு டிக்கட்டைப் பெரும்பாலும் மாற்றவும் முடியாது, காசும் திரும்பாது. நம்மவர்களுக்கு கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது.

பாஸ்போட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும், ஓர் எழுத்தும் மாறாமல்.

எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு, எந்த ஊரில் இறங்குவது என்று பார்த்துவிட்டு விலையைப் பாருங்கள்.

டிசம்பர், ஏப்ரல் லீவுக்கென்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லுங்கள். மலிவான சீட்டுகள் கொஞ்சம்தான். அவைதான் முதலில் முடியும்.

பாடசாலை விட்ட பிறகு பாஸ்போட்டோடு வாங்க. காசு எதுவும் வேண்டாம். என்ன கொண்டுபோகப் போகிறீர்கள் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.