கடதாசி இதயங்கள்

வட ஐரோப்பிய நாடுகளில் மார்கழி இருள் மிகுந்த மாதமாகும். நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவில் டிசம்பர் 21ஆம் திகதியை அண்டிய நாள்களில் சூரியன் காலை 9 மணிக்குப் பின்னரே உதித்து, பிற்பகல் 3 மணியளவில் மறைந்துவிடும். வெளியே பனியும் குளிரும் சூழ்ந்திருக்க, மக்கள் வீட்டினுள்ளே விளக்கேற்றி, கூடியமர்ந்து கைவேலைகள் செய்து நத்தாரை வரவேற்பார்கள்.

எனது சித்தியின் குடும்பம் பல்லாண்டுகளாக ஒஸ்லோவில் வசித்து வருகின்றது. ஓராண்டு மார்கழி விடுமுறையில் அம்மம்மாவுக்குத் துணையாக நானும் அங்கு சென்றேன். சித்தியின் மகளுக்கு அப்போது எட்டு வயது. தொலைபேசியில் குரல் மட்டுமே கேட்ட பேர்த்தியை மடியில் இருத்திக் கதை சொல்ல வேண்டும் என்பது அம்மம்மாவின் நெடுநாள் ஆசை. அவளோ நோர்வே மொழியையே சரளமாகப் பேசுவாள். தமிழில் கேட்டால் தலையை மட்டும் அசைப்பாள். முதல் வாரம் முழுவதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததோடு சரி. "இவ்வளவு தூரம் வந்தும் பிள்ளையோடை ஒரு கதை கதைக்க முடியேல்லையே" என்று அம்மம்மா இரவில் என்னிடம் கவலைப்பட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி கணினியிலிருந்து சில மாதிரிப் படங்களை அச்சிட்டு மேசையில் வைத்தார். அவை இதய வடிவக் கடதாசிக் கூடைகளுக்கானவை. நோர்வே, டென்மார்க் நாட்டுப் பிள்ளைகள் சிறுவயதிலேயே பழகும் கைவேலை இது. சிறுவர் கதைகளால் உலகப் புகழ்பெற்ற ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் 1860ஆம் ஆண்டளவில் செய்த இத்தகைய இதயம் ஒன்று டென்மார்க்கின் ஒடென்சே நகரில் பாதுகாக்கப்படுகின்றது.

செய்முறை எளிதுபோலத் தோன்றும். சிவப்பு, வெள்ளைக் கடதாசிகளை இரண்டாக மடித்து, ஒரு முனையை வளைவாக வெட்டி, மடிப்புப் பக்கத்திலிருந்து கீற்றுகளாகக் கத்தரிக்க வேண்டும். பின்னர் ஒரு நிறக் கீற்றை மற்றைய நிறக் கீற்றின் உள்ளே செலுத்தி, அடுத்ததை அதன் வெளியே சுற்றி எடுக்க வேண்டும். இவ்வாறு மாறி மாறிப் பின்னினால் இதயம் உருவாகும். விரித்தால் உள்ளே இனிப்பு வைக்க இடமிருக்கும். அச்சிட்ட கோடுகள் வெட்டுமிடத்தைக் காட்டின. ஆனால் விரலின் பக்குவத்தை அவை காட்டவில்லை. தங்கையின் கீற்றுகள் கிழிந்தன. கண்கள் கலங்கின.

அம்மம்மா எழுந்து வந்து அவளருகில் அமர்ந்தார். சார்வோலை வார்ந்து பெட்டியும் கடகமும் இழைத்த கைகள் அவருடையவை. கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். "இது எங்கடை பின்னல் மாதிரித்தானே" என்றபடி சிறுமியின் பெருவிரலைப் பிடித்துக் கீற்றின்மேல் வைத்தார். "ஒண்டு உள்ளுக்கை, மற்றது வெளியாலை." அடுத்த கீற்றுக்கும் அதையே சொன்னார். நான்காவது கீற்றில் தங்கையே "உள்ளுக்கை... வெளியாலை" என்று சொல்லிக்கொண்டு பின்னினாள். அன்று மாலைக்குள் பதினொரு இதயங்கள் மேசையில் இருந்தன.

நோர்வேயில் டிசம்பர் 24ஆம் திகதி மாலையே நத்தாரின் முக்கிய வேளை. குடும்பத்தினர் கைகோத்து மரத்தைச் சுற்றிப் பாடுவர். எமது குடும்பம் சைவக் குடும்பமாயினும், தங்கையின் தோழியர் வந்திருந்ததால் நாமும் சுற்றினோம். கம்பளிச் சட்டையும் சேலையுமாக அம்மம்மாவும் பேர்த்தியின் கையைப் பிடித்தபடி சுற்றினார்.

பாடசாலை தொடங்கவே நான் ஊர் திரும்பிவிட்டேன். அம்மம்மா தைப்பொங்கல் வரை அங்கே தங்கினார். ஜனவரி 14ஆம் திகதி சித்தி அனுப்பிய படத்தில், மின்னடுப்பில் பொங்கிய பானைக்கு மேலே மாவிலைத் தோரணத்துக்குப் பதிலாக மஞ்சளும் பச்சையுமான கடதாசி இதயங்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றைக் கட்டியது தங்கை என்று சித்தி எழுதியிருந்தார்.

பண்டிகைக் கைவேலைகளைப் பொழுதுபோக்கு என்றே பலர் எண்ணுவர். அவற்றைக் கடையில் வாங்கலாம்; பண்டிகை முடிந்ததும் எறிந்தும் விடலாம். ஆனால் பேச மொழியின்றித் தவித்த இருவரை ஒரே மேசையில் இருத்தியது ஒரு துண்டுக் கடதாசியே. முதியோரின் கைகளில் இருக்கும் அறிவைப் பெற விரும்பும் இளையோர், முதலில் அவர்களருகில் சென்று அமர வேண்டும். மொழி பின்னால் வந்து சேரும்.