காடு தந்த கண்கள்

உடலின் களைப்பை உறக்கம் தீர்க்கும். உள்ளத்தின் களைப்பை எது தீர்க்கும்? நோயும் இழப்பும் தோல்வியும் வாட்டும் காலத்தில் மலையையும் காட்டையும் நாடிச் சென்று தேறியோர் பலர். அவர்களுள் சிலர் ஆறுதல் பெற்றதோடு அமையவில்லை. ஆறுதல் தந்த இடத்தைக் காக்கும் வலிமையையும் பெற்றனர். ஜான் மியூர் அத்தகையோருள் ஒருவர்.

1838இல் ஸ்காட்லாந்தில் பிறந்த மியூர், 1849இல் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறினார். பண்ணையின் கடும் உழைப்புக்கு இடையிலும் மரத்தைச் செதுக்கிக் கடிகாரங்கள் செய்யும் கைத்திறன் அவருக்கு வாய்த்திருந்தது. அத்திறனே அவரை இண்டியானாபொலிஸ் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றது. இயந்திரத் தொழிலில் அவருக்கு வளமான எதிர்காலம் காத்திருந்தது.

1867 மார்ச்சில் ஒருநாள், இயந்திரத்தின் தோல்வாரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, கையிலிருந்த அரத்தின் கூர்முனை நழுவி அவரது வலக்கண்ணில் பாய்ந்தது. அக்கண் பார்வையை இழந்தது. சற்று நேரத்தில் இடக்கண்ணும் இருண்டது. இருபத்தெட்டு வயது இளைஞர் இருட்டறையில் வாரக்கணக்கில் கிடந்தார். இனி ஒரு மலரையேனும் காண இயலுமோ என்னும் ஏக்கம் அவரை வருத்தியது. பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. மீண்டு வந்த கண்களை எதற்குப் பயன்படுத்துவது என்னும் வினாவும் அதனோடு எழுந்தது. மியூர் இயந்திரத் தொழிலைத் துறந்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து புறப்பட்டு, செடிகொடிகளை ஆராய்ந்தவாறு ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நடந்து புளோரிடாவின் கடற்கரையை அடைந்தார். அங்கு மலேரியாக் காய்ச்சல் அவரை வீழ்த்தியது. ஆயினும் அவர் ஊக்கம் குன்றவில்லை. 1868இல் கலிபோர்னியா சென்று, யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைக் கண்டார். அடுத்த ஆண்டுக் கோடையில் ஆட்டுமந்தையோடு சியரா நெவாடா மலையின் உச்சிப் புல்வெளிகளுக்கு ஏறினார். பின்னர் அம்மலைகளிலேயே தங்கிப் பாறைகளின் வடுக்களை ஆராய்ந்து, பள்ளத்தாக்கைச் செதுக்கியவை பனியாறுகளே என்று கூறினார். கற்றறிந்த நிலவியலாளர் எள்ளி நகையாடினர். எனினும், பனியாறுகளின் பெரும்பங்கைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. ஒருகால் ஒளியிழந்த கண்களே பிறர் காணாததைக் கண்டன.

ஆடுகள் மேய்ந்து அழித்த புல்வெளிகளையும் வெட்டுண்ட பெருமரங்களையும் அக்கண்கள் கண்டன. மியூர் எழுதுகோலை ஏந்தினார். அவருடைய கட்டுரைகள் மக்களிடையே விழிப்பை உண்டாக்கின. 1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா உருவாயிற்று. 1892இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து சியரா கழகத்தை நிறுவினர்.

1903 மே மாதத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் மியூரைத் தேடி வந்தார். அவரும் காட்டால் தேறியவரே. 1884 பிப்ரவரி 14 அன்று, ஒரே வீட்டில் தாயையும் மனைவியையும் இழந்த அவர், டகோட்டாவின் வறண்ட வெளிகளில் கால்நடை வளர்த்து, குதிரைமீது திரிந்து, துயரை ஆற்றிக்கொண்டவர். இருவரும் யோசெமிட்டியில் மூன்று இரவுகள் திறந்தவெளியில் தங்கினர். முதல் இரவு வானளாவிய செக்கோயா மரங்களின் அடியில் கழிந்தது. இரண்டாம் இரவு அவர்கள்மீது பனி பொழிந்தது. காடுகளின் எதிர்காலமே அவர்களது பேச்சாயிற்று. ரூசுவெல்ட்டின் ஆட்சிக்காலத்தில் 5 தேசியப் பூங்காக்களும் 51 பறவைக் காப்பிடங்களும் தோன்றின. மியூர் எல்லாப் போராட்டங்களிலும் வெல்லவில்லை. ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1913இல் இசைவு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். ஆயினும் அவர் மூட்டிய விழிப்பு அணையவில்லை.

யோசெமிட்டியைக் காணும் வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டுவதில்லை. எனினும் இயற்கையின் ஆறுதல் பெருங்காடுகளில் மட்டும் உறைவதன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மருத்துவமனை ஒன்றில், 1972க்கும் 1981க்கும் இடையே பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிக் என்னும் ஆய்வாளர் ஒப்பிட்டார். பாதிப்பேரின் அறைச் சாளரம் மரங்களை நோக்கியிருந்தது. மற்றவர்களுடையது செங்கற்சுவரை நோக்கியிருந்தது. மரங்களைக் கண்டவர்கள் விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984இல் வெளியான இவ்வாய்வு சிறியதே. மரம் மருந்துக்கு மாற்றும் அன்று. எனினும், மருந்தோடு மரமும் துணைநிற்க வல்லது என்பதை அது உணர்த்தியது.

தேர்வின் சுமையால் சோர்ந்த மாணவருக்கு வகுப்பறைச் சாளரத்தின் வெளியே நிற்கும் வேம்பு போதும். ஊர் ஏரிக்கரையின் மாலைக்காற்றும் போதும். அந்த வேம்பு வெட்டுப்படாமலும் அந்த ஏரி தூர்ந்துபோகாமலும் காப்பதே, பெற்ற ஆறுதலுக்குச் செய்யும் கைம்மாறு.