உறுதியில் எழுதாத உரிமை

யாழ்ப்பாண நகரின் கிழக்கு எல்லைக்கு அப்பால் ஒரு வயல்வெளி உண்டு. அதன் ஓரத்தில் இரண்டு பரப்புக் காணி விலைக்கு வந்திருப்பதாகத் தரகர் ஒருவர் கூறினார். வாடகை வீட்டில் வாழும் நாமும் ஆசையோடு பார்க்கச் சென்றோம்.

"வெறுங்காணி, சேர். மண் போட்டு நிரவினால் அத்திவாரம் வெட்டலாம்" என்றார் அவர்.

அது மாசி மாதம், அறுவடை முடிந்திருந்தது. அரிதாளில் ஆடுகள் மேய்ந்தன. வரம்போரம் விரித்த பாய்களில் ஒடியல் காய்ந்தது. பள்ளி விட்டு வந்த சிறுவர் பந்தடித்தனர். மாரியிலோ அயற் குடிமனைகளின் வெள்ளம் இங்கேதான் வந்து தேங்கும். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில், இவ்வாறு தேங்கிச் சுண்ணக்கல்லினுள் இறங்கும் மழைநீரே கோடையில் எமது கிணற்று நீர். ஓராண்டில் இத்தனை பணி புரியும் நிலத்தையா வெறுங்காணி என்பது?

புல் செருக்கிக்கொண்டிருந்த பெண்ணொருவர் நிமிர்ந்தார். எமது மாணவி ஒருத்தியின் தாயார். சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாதவர்.

"சேரோ வாங்கப் போறியள்? நல்லது. மதில் கட்டினால் நான் ஆட்டை எங்கை கொண்டுபோய்க் கட்டுறது?"

நாம் பதில் கூறாது நின்றோம். அந்த ஆடுகளை விற்றே அவர் மகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்குகிறார் என்பதை வகுப்பாசிரியராகிய நாம் அறிவோம்.

பழைய கிராமத்தைப் பொற்காலமாக்குவது எமது நோக்கமன்று. நிலம் சிலர் கையிலும் உழைப்புப் பலர் தோளிலும் இருந்த ஊர் அது. சாதியின் பெயரால் கிணற்றடியில் பிறர் வார்க்கும் நீருக்குக் காத்து நின்றோர் வாழ்ந்த ஊர். ஆயினும் அறுவடை முடிந்த வயலில் ஆடு மேய்வதை மறிக்காத வழக்கம் நிலமற்றோருக்கு ஒரு பிடிமானமாயிருந்தது. இன்று காணி கைமாறும்போது உடைமையாளருக்கு விலை கிடைக்கிறது, தரகருக்குத் தரகு, எம்மைப் போன்றோருக்கு வீடு. அவ்வழக்கத்தை நம்பி வாழ்ந்தவருக்குக் கிடைப்பது மதில் மட்டுமே.

1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனுக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி எழுத்து மூல அனுமதியின்றி வயலை நிரப்பலாகாது. ஆனால் ஆடு மேய்ப்பவளின் பெயர் எந்த உறுதியிலும் எழுதப்படுவதில்லை.

முற்பணம் கொடாமல் நாம் திரும்பினோம். இதிற் பெருமைப்பட எதுவுமில்லை. நாம் விட்டதை வேறொருவர் வாங்குவார். எமக்கும் வீடு வேண்டும். நகரும் வளரவே செய்யும். ஆனால் மேய்ச்சல் தரவையையும் வெள்ளவாய்க்காலையும் விளையாட்டிடத்தையும் முதலில் ஒதுக்கிய பின்னரே காணிகள் துண்டாடப்படல் வேண்டும். அவற்றைக் குறிக்கும் கூட்டத்தில் உறுதி வைத்திருப்போரோடு ஆடு வைத்திருப்போரும் சமமாக அமர வேண்டும். இதனைப் பிரதேச சபைகளிடம் கோரவேண்டியவர்கள் ஆசிரியரும் மாணவருமாகிய நாமே.

அதுவரை அத்தாயின் கேள்விக்கு நாம் கடன்பட்டவர்கள்.