அலைக்குள் நிற்கும் கால்களுக்கு

மலர்க் குழுவினரின் கடிதம் கைக்குக் கிடைத்தபொழுது, கல்லூரியின் வளர்ச்சியையும் அதிபர்களின் பெருமையையும் எழுத என்னினும் தகுதியுடையோர் பலர் உளர் என்று கருதி, நான் நன்கறிந்த சிறு பொருளொன்றையே எடுத்துக்கொண்டேன். கல்முனைக் கடற்கரையில் முழங்காலளவு அலையில் நின்று தூண்டில் எறிபவன் காலில் எதனை அணிதல் வேண்டும் என்பதே அப்பொருள். நகைக்க விரும்பும் பழைய மாணவர்கள் இப்பொழுதே நகைத்துக்கொள்ளலாம். அறுபதைக் கடந்தோர் மட்டும் சற்றுப் பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகின்றேன்.

ஆசிரியப் பணி என்னை இப்பகுதிக்குக் கொண்டுவந்தது. ஓய்வு பெற்ற பின்னரும் கடல் என்னைப் போகவிடவில்லை. மருதமுனை தொடக்கம் சாய்ந்தமருது, நிந்தவூர் வரை நீளும் இக்கரையில் மீன் பிடிப்போர் பாதரட்சை அணிந்து நீரில் இறங்கியதை நான் கண்டதில்லை. கரைவலை இழுப்போர் குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடப்பர். வீச்சுவலைக்காரர் பாதத்தாலேயே பள்ளத்தையும் மேட்டையும் அறிவர். பின்வாங்கும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும்போது, விரல்களை மடக்கிப் பிடித்து நிற்கும் வித்தை வெறுங்காலுக்கே உரியது. தொடுதோல் என்றொரு சொல் பண்டைத் தமிழிலேயே உண்டெனினும், கடலோடிக்கு அது தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே நின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நீரிழிவுச் சிகிச்சைக்குச் சென்றபோது, வைத்தியர் என்னைக் கண்களை மூடச் சொல்லி, மெல்லிய நைலோன் இழையொன்றினால் என் பாதத்தில் அங்கங்கே தொட்டார். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையுமாறு செய்யப்பட்ட இழை அது. தொடுவதை உணர்ந்தால் சொல்லவேண்டும். பெருவிரலின் கீழும் குதிகாலிலும் அவர் தொட்டதை நான் அறியவேயில்லை. கண்களைத் திறந்து பார்த்தேன். ஏறக்குறைய என் தூண்டில் நரம்பைப் போன்றதே அவ்விழை! விரலிடுக்கில் அந்நரம்பின் சிறு நடுக்கத்தைக் கொண்டு மீன் இரை தொட்டதை அறிபவனுக்கு, அது தன் பாதத்தைத் தொட்டது தெரியவில்லை. “இனி வெறுங்காலோடு கடலில் இறங்காதீர்கள்” என்றார் வைத்தியர். உணர்ச்சியற்ற பாதத்தில் ஏற்படும் காயம் வலிக்காது. வலிக்காத காயத்தை எவரும் கவனிப்பதில்லை. கவனியாத காயம் விரலையும் சில வேளைகளில் காலையுமே கொண்டுபோகும். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ என்னும் கிருமிக்கு அத்தகைய சிறு கீறலே போதுமாம்.

என்னோடு கரையில் நிற்கும் மூத்த மீனவர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். “சேர், காலப் பூட்டி வெச்சா, கடல் என்ன சொல்லுதெண்டு எப்பிடி வெளங்கும்?” என்று கேட்டார். “அது எனக்குச் சொல்றத நிப்பாட்டிப் போட்டுது, காக்கா” என்றேன். சற்று நேரம் மௌனமாக இருந்தவர், தம் உள்ளங்காலைத் திருப்பி ஒரு வடுவைக் காட்டினார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. இலங்கையில் அம்பாறை மாவட்டத்திலேயே உயிரிழப்பு மிகுதி, பத்தாயிரத்துக்கு மேல். வீடுகளின் சுவரும் ஓடும் கண்ணாடியும் இரும்புக்கம்பியும் கடலோடு போயின. பின்னர் ஒருநாள் வலை வீசியபோது அவர் காலில் ஏறியது ஒரு சமையலறை ஓட்டின் துண்டாம். அது யாருடைய வீட்டு ஓடு என்று தாம் எண்ணிப் பார்த்ததாகவும் சொன்னார். நான் மேலும் வினவவில்லை.

இனிச் சப்பாத்துக்கு வருவோம். கனடாவில் வாழும் என் வகுப்புத் தோழர் ஒருவர், என் நிலையைக் கேள்வியுற்று, தொடைவரை நீளும் இறப்பர் பூட்ஸ் ஒரு சோடி கொண்டுவந்து தந்தார். குளிர்ந்த ஆற்று நீரில் நிற்போருக்கு அது உகந்ததே. எமது கடலோ குளிர்வதில்லை. அன்றியும் இங்குள்ள அலை மேலிருந்து விழுந்து புரள்வது. பூட்ஸுக்குள் நீர் நிரம்பினால் அது மனிதனை ஆழத்துக்கு இழுத்துவிடும் என்பர், அது சரியன்று. நீருக்குள் இருக்கும்வரை அந்நீருக்குப் பாரமில்லை. கரையேற முயலும்போதுதான் ஒவ்வொரு லீற்றரும் ஒரு கிலோவாகக் காலில் தொங்கும். அவ்வேளையில் அடுத்த அலையும் வந்துவிடும். தோழரின் அன்பு இப்பொழுது என் வீட்டுத் தோட்டத்தில், மாரிகாலச் சேற்றில் பயன்படுகின்றது.

அடியில் கம்பளி ஒட்டிய சப்பாத்துகளும் உண்டு. பாசி படர்ந்த கல்லில் அவை வழுக்குவதில்லை. ஆயினும் ஈரம் காயாத கம்பளியில் ஒருவகை ஆற்றுப்பாசி ஒட்டிப் பரவுகின்றதென்று நியூசிலாந்து 2008இல் அவற்றைத் தடைசெய்தது. எமது மணலில் அக்கம்பளி விரைவில் தேய்ந்தும் போகும். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் பின் கரை அரிக்கப்பட்ட இடங்களில் அடுக்கிய பெருங்கற்களின் மேல் நின்று தூண்டில் போடுவோர் மட்டும் வேறு வழி தேடவேண்டும். என் அபிப்பிராயம், முதியோர் அக்கற்களில் ஏறாதிருப்பதே.

நான் முடிவிற் கண்டது, நாம் பள்ளியில் தேகாப்பியாசத்திற்கு அணிந்த கன்வஸ் சப்பாத்தின் உறவினனை! கணுக்காலைப் பற்றும் உயரம். இறுகக் கட்டும் நாடா. கந்தகத்தோடு வேகவைத்துப் பதப்படுத்திய தடித்த இறப்பர் அடி. அடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும் பொலியூரித்தேன் அடிகள் எம் நாட்டு ஈரக்காற்றில், அணியாமல் அலுமாரியில் வைத்திருந்தாலும், சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். பசையால் மட்டும் ஒட்டியதையும் உப்புநீர் நெடுநாள் விட்டுவைப்பதில்லை. ஆகையால், கடைத்தெருவில் சப்பாத்துத் தைப்பவர் ஒருவரிடம் கொடுத்து, அடியைச் சுற்றிலும் வலை முடையும் நைலோன் நூலால் தைப்பித்தேன். நாடாத் துளைகளின் இரும்பு வளையங்களைக் கழற்றிவிட்டு, இரு பக்கமும் நீர் வடியச் சிறு துளைகளிட்டார். கரையேறிய நான்கு எட்டில் நீர் முழுதும் வடிந்துவிடும். உள்ளே மெல்லிய காலுறை அவசியம். இன்றேல் மணல் உராய்ந்து, தவிர்க்க நினைத்த புண்ணைச் சப்பாத்தே உண்டாக்கும்.

திருக்கையின் முள்ளை இச்சப்பாத்தும் தடுக்காது. மணலில் புதைந்து கிடக்கும் அதனைக் காலைத் தூக்கி மிதியாமல், பாதத்தை இழுத்து இழுத்து நடந்தால் அதுவே விலகிப்போகும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய வெந்நீரில் வைத்தல் வலியைத் தணிக்கும். ஆனால் என் போன்றோர் அச்சூட்டைக் கையாலோ பிறர் கையாலோ பார்த்தல் வேண்டும், காலை நம்பலாகாது. பின் வைத்தியசாலை.

வீடு திரும்பியதும் சப்பாத்தை நன்னீரில் அலசி நிழலில் காயவிடுவேன். என் மனைவி கண்ணாடியொன்றைத் தரையில் வைப்பார். அதில் இரு உள்ளங்கால்களையும் பார்த்த பின்னரே தேநீர்.

சென்ற கச்சான் காலத்தில் அம்மூத்த மீனவர் என் சப்பாத்தை வாங்கி வளைத்தும் முகர்ந்தும் பார்த்தார். தமக்கு வேண்டாமாம், தம் தம்பிக்கும் ‘சீனி வருத்தம்’ இருக்கின்றது, அவன் யார் சொல்லும் கேளாதவன் என்றார். இலக்கம் என்னவென்று கேட்டேன். ஈர மணலில் தம்பியின் காலடி பதிந்திருந்த இடத்தைக் காட்டினார். என் சப்பாத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தோம். ஒரு விரற்கடை பெரிது வேண்டும்.