காயற்கரைச் சுவர்

குட்டநாட்டுக் கைனகரியில் என் தமக்கை வாழ்க்கைப்பட்ட வீட்டின் திண்ணையில் உட்கார்ந்தால், வேம்பநாட்டுக் காயல் முற்றத்துக்கு அப்பால் கண்ணெட்டிய மட்டும் விரிந்து கிடக்கும். அத்தான் தம் கையால் ஊன்றிய பத்துத் தென்னைகள் அந்தக் கரையோரத்தில் வரிசையாக நின்ற காலத்தை நான் அறிவேன்; சென்ற ஆவணியில் போனபோது ஆறுதான் நின்றன, அவற்றிலும் ஒன்று வேர்க்கற்றை வெளியே தெரியச் சாய்ந்திருந்தது. கரையின் நீளம் 60 அடி. தண்ணீர் 8 அடி உள்ளே வந்துவிட்டதென்றால் ஒரு சென்ட் நிலத்துக்கு மேல் போய்விட்டது என்று பொருள். “தம்பி, ஏரிக்கரைகளோடேயே உத்தியோகம் பார்த்தவன் நீ. எதைக்கொண்டு சுவர் எடுத்தால் நிற்கும் என்று ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போ” என்று அக்காள் கடிதம் எழுதியிருந்தாள். அத்தான் மறைந்தபின் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது.

கரையில் சுவர் இல்லாமலில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒப்பந்தக்காரர் கட்டிக்கொடுத்த கான்கிரீட் சுவர் அங்கே இருந்தது. ஆனால் அது காயலின் பக்கமாகக் குனிந்திருந்தது. அலை மோதித்தான் சுவர் விழுகிறது என்று நினைப்பவர்கள், மோதுகிற அலையை நோக்கியே சுவர் ஏன் சாய வேண்டும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். செங்குத்தான வழவழப்பான முகத்தில் மோதும் அலை தன் வலிமையை அங்கே இழப்பதில்லை. திரும்பி வந்து, அடுத்து வருகிற அலையோடு சேர்ந்து ஏறத்தாழ இருமடங்கு உயரம் எழும்பி, இறங்கும்போது சுவரின் அடியிலுள்ள மண்ணைக் கிளறி எடுத்துக்கொண்டு போகிறது. உல்லாசப் படகுகள் நாள் முழுவதும் கிளப்பிவிடும் அலைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. இது சுவரின் முன்னால் நடப்பது. பின்னாலோ, மழைக்காலத்தில் நிலம் குடித்த நீர், காயல் வடிந்த பிறகும் வடிய வழியின்றி மண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அப்படி 1 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது அரை டன் பாரத்தோடு தள்ளும். 2 மீட்டர் நின்றாலோ 2 டன். காலடி மண்ணையும் இழந்து, முதுகிலும் இத்தனை பாரத்தைத் தாங்க வேண்டிய சுவர் குனியாமல் என்ன செய்யும்? அந்தச் சுவரில் நீர் கசிந்து வெளியேற ஒரு துவாரங்கூட வைக்கப்படவில்லை என்பதைக் கண்டபோது எனக்கு உண்டான மனவருத்தம் சாமானியமானதல்ல.

வேறு எதைக்கொண்டு கட்டலாம் என்று ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். இரும்புத் தகடுகளை இறக்கலாம் என்றார் ஒருவர். கோடையில் உப்புநீர் ஏறும் காயலில் இரும்பின் ஆயுள் எனக்குத் தெரியும். கம்பிவலைப் பெட்டிகளில் கல்லை அடைத்து அடுக்கும் யோசனையையும் அதே காரணத்தால் விட்டேன். மலையாள தேசத்தில் மிகுதியாகக் கிடைக்கும் செம்பாறைக் கல், வெட்டும்போது மிருதுவாக இருந்து காற்றுப் பட்டபின் இறுகும் அற்புத சுபாவம் உடையது. அங்காடிப்புரத்தில் அதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளிவந்த தம் பிரயாண நூலில் அதற்கு ‘லாட்டரைட்’ என்று பெயரிட்டார்; வீட்டுச் சுவருக்கு அதைப்போல் உகந்த கல் இல்லை. ஆனால் நாளெல்லாம் நனைவதும் உலர்வதுமாக, அலையும் அறைந்துகொண்டிருக்கும் இடத்தில் அது கரைந்து குழிவிழும். கடைசியில் மிஞ்சியது கருங்கல்.

நான் கருங்கல் என்று சொன்னதும், கரைவேலையிலேயே தலை நரைத்த மேஸ்திரி ஒருவர், “கல்லுக்கு ஒரு குறையும் இல்லை, சாரே. அது நிற்கிற சேற்றைப் பாருங்கள்” என்றார். எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளில் கெட்டித்தரையின் மேல் கல் பாவிப் பழகியவன் நான். குட்டநாட்டின் அடிமண்ணோ, நீண்ட மூங்கிலையும் எதிர்ப்பின்றி உள்வாங்கிக்கொள்ளும் கருங்களி. அதன் மேல் பாரத்தை ஏற்ற ஏற்றச் சுவர் தானாகவே அமிழ்ந்துகொண்டிருக்கும்.

இந்தச் சேற்றின் மீது கரை நிறுத்தும் வித்தை அந்த மண்ணின் மக்களுக்குப் புதிதல்ல. கடல்மட்டத்துக்கு 0.6 மீட்டர் முதல் 2.2 மீட்டர் வரை தாழ்ந்த நிலத்தில் நெல் விளைவிக்கிறவர்கள் அவர்கள். 1940-களில் ஜோசப் முரிக்கன் என்பவர் காயலுக்கு நடுவே சித்திரை, மார்த்தாண்டம் என்ற வயற்பரப்புகளை மீட்டெடுத்தபோதும் கையாளப்பட்டது அந்தப் பழைய முறைதான்: தென்னை மரங்களை இரண்டு வரிசையாக அடித்து இறக்கி, உட்புறம் மூங்கில் தட்டிகளைக் கட்டி, இடைவெளியில் மணலையும் சுள்ளிகளையும் இட்டு, காயலின் அடியில் முங்கி எடுத்த களிமண் பாளங்களால் நிரப்பினார்கள். மூச்சடக்கி அந்த மண்ணை எடுத்துவந்த தொழிலாளர்களின் உழைப்பில்தான் அந்தக் கரைகள் எழும்பின; அவர்களில் ஒருவர் பெயரும் அந்த வயல்களுக்கு இடப்படவில்லை என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மேஸ்திரி எனக்கு ஒன்று காட்டினார். பழைய கரையிலிருந்த ஒரு தென்னங்கழியை நாலு பேரைக்கொண்டு பிடுங்கிப் போட்டார். தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில் அது நகத்தால் சுரண்டினாலே உமிபோல் உதிர்ந்தது; அதற்குக் கீழே, என்றைக்கும் நீரிலும் சேற்றிலுமே புதைந்திருந்த பாகத்தில் வாச்சியால் கொத்தியபோதோ ‘ணங்’ என்று ஓசை எழுந்தது, கறுப்புத் தோலுக்குள் வைரம் புதிதுபோல் இருந்தது. காற்றுப் படாத மரத்தை மக்கவைக்கும் கிருமிகள் அணுகுவதில்லை. முப்பது வருஷ உத்தியோகத்தில் புத்தக வாயிலாக நான் அறிந்திருந்த இந்த உண்மையை, அன்றைக்குத்தான் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு தீர்மானிக்க அதிக நேரம் ஆகவில்லை. பழைய சுவரை உடைத்து அகற்றிவிட்டு, கோடையில் நீர் மிகத் தாழும் மட்டத்துக்கும் கீழே தலை அமையுமாறு தென்னங்கழிகளை நெருக்கமாக இறக்கினோம். அவற்றின் மேல் கருங்கற்களைச் சாந்து பூசாமல், நிலத்தின் பக்கம் சாய்வாக அடுக்கினோம். கற்களின் இடுக்குகளில் புகுந்து அலை தன் வேகத்தை இழக்கும். உள்ளே தேங்கும் நீரும் அதே வழியில் வெளியேறும். நீரோடு மண்ணும் போய்விடாதபடி பின்னால் சரளைக்கல்லும் மணலும் ஒன்றரை அடி கனத்துக்கு இட்டோம். செலவு மிச்சமாகும் என்று பலர் இந்த அடுக்கை விட்டுவிடுகிறார்கள்; விட்டால் கல் நிற்க, மண் மட்டும் இடுக்கு வழியே நழுவி, முற்றம் ஒருநாள் பள்ளமாகும். கல்வரிசைக்கு மேலே சரிவில் ஆலப்புழைக் கயிற்றுப் பாயை விரித்து, அதன் கண்களில் தாழை நட்டோம். பாய் சில வருஷங்களில் மக்கும். அதற்குள் தாழை வேர் பிடித்துவிடும். குட்டநாட்டார் தொன்றுதொட்டுக் கரைகளில் தாழையை வளர்த்ததை வெறும் வேலி என்றே நான் எண்ணியிருந்தேன். அதன் விழுதுகள் மண்ணைக் கவ்வியிருப்பதைப் படகிலிருந்து பார்த்தபோதுதான் என் எண்ணம் மாறியது.

அடுத்த வீட்டுக்காரருக்குச் சுவர் இல்லை. நம் சுவர் முடியும் மூலையில் அலை வளைந்து அவர் நிலத்தைத் தின்னக்கூடும். பிறகு அந்த வழியாகவே நம் முதுகுக்கும் வரும். ஆகையால் இரு முனைகளையும் நிலத்துக்குள் 10 அடி வளைத்துச் செருகி, அவருடைய எல்லையில் கற்களைப் படிப்படியாகத் தாழ்த்தி முடித்தோம். அவர் கரையிலும் நடுவதற்கு அக்காள் தாழைக் கன்றுகள் கொடுத்தாள்.

காயலோரத்திலோ ஏரியோரத்திலோ நிலம் வைத்திருக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: கல்லா கான்கிரீட்டா என்று விலை விசாரிப்பதற்கு முன்னால், கோடையில் நீர் மிகத் தாழ்ந்திருக்கும் ஒரு நாளில் வள்ளத்தில் ஏறி, உங்கள் கரையின் அடியை நீரின் பக்கமிருந்து பாருங்கள். கூடவே அந்த ஊரில் கரைவேலை செய்த முதியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.