பெரிய மைதானத்தில் முதல் ஆண்டு

பேஸ்பால் ஆடும் அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு சோதனை வருகிறது. சிறுவர்களுக்கான லிட்டில் லீக்கின் சிறிய மைதானத்தை விட்டு, பெரியவர்கள் ஆடும் மைதானத்துக்குப் போகவேண்டும். பிள்ளை வளர்வதோ அங்குலக் கணக்கில். மைதானம் ஒரே ஆண்டில் ஒன்றரை மடங்கு நீண்டுவிடுகிறது.

1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் லிட்டில் லீக்கைத் தொடங்கிய கார்ல் ஸ்டாட்ஸ், சிறுவர்களின் கைகாலுக்கு ஏற்றபடி அளவுகளைச் சுருக்கினார். இன்று அந்த மைதானத்தில் பேஸ்களுக்கு இடையே 60 அடி. பிட்சர் எறியும் தூரம் 46 அடி. பெரிய மைதானத்தில் இவை 90 அடி, 60 அடி 6 அங்குலம். கேட்சர் இரண்டாம் பேஸுக்கு எறிய வேண்டிய தூரம் சுமார் 85 அடியிலிருந்து 127 அடிக்குத் தாவுகிறது. சிறிய மைதானத்தில் பந்து பேட்டரை எட்டும்வரை நகரக்கூடாத ஓட்டக்காரன், இங்கே முன்பே சில அடி தள்ளி நின்று அடுத்த பேஸைத் திருடப் பார்ப்பான்.

எங்கள் ஊர்ப் பையன்கள் இதில் திணறுவதை வசந்த காலங்களில் வேலியோரம் நின்று பார்க்கிறேன். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் முழு பலத்தோடு எறிந்த பந்து முதல் பேஸுக்கு முன்பே தரையில் குத்துகிறது. போன வருடம் ஹோம் ரன்னான அடி, இந்த வருடம் எளிய கேட்ச். பையன் தலைகுனிகிறான், வெளியே அப்பாவின் முகமும் வாடுகிறது. அவன் திறமை எங்கும் போய்விடவில்லை என்று இருவருக்கும் சொல்லத் தோன்றுகிறது.

நல்ல பயிற்சியாளர்கள் முதலில் அந்தக் கூச்சத்தைத்தான் போக்குகிறார்கள். “பந்து ஒரு குதி குதிக்கட்டும், நேராகப் போகட்டும்” என்கிறார்கள். வெளிக்களத்திலிருந்து ஒரே வீச்சில் ஹோம் பிளேட்டுக்கு எறியாமல், நடுவில் வந்து நிற்கும் தோழனிடம் கொடுக்கப் பழக்குகிறார்கள். சிறிய மைதானத்தில் சீக்கிரம் வளர்ந்த பையனுக்கு இவையெல்லாம் தேவைப்படவில்லை. உடல்பலமே போதுமாக இருந்தது. இப்போதுதான் அவனும் ஆட்டத்தைக் கற்கிறான்.

இந்தத் தாவலைக் குறைக்க, 50 அடிக்கு எறிந்து 70 அடி ஓடும் இடைநிலைப் பிரிவை லிட்டில் லீக் 2013இல் முறையாகத் தொடங்கியது. வாய்ப்புள்ள ஊர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும். தூரத்தை எட்டவேண்டுமென்று வளரும் தோளையும் முழங்கையையும் வருத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பந்து எவ்வளவு தூரம் போனது என்ற கேள்வியை ஓராண்டு ஒத்திவைக்கலாம். எதற்காக அங்கே எறிந்தாய் என்று கேட்டால் பையன் உற்சாகமாக விளக்குவான். கையின் பலம் இரண்டு மூன்று வருடத்தில் தானாக வந்துவிடும். அதுவரை அவனுக்கு ஆட்டத்தின்மேல் உள்ள ஆசை குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.